'டிஸ்கஸ்டிங்' என்னும் ஆங்கிலச் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரப்பர்ப் பால்மரமும் செம்பனையும் சூழ்ந்த, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ஒரு கோயில் மண்டபத்தில், வாரம் இரண்டு மாலை இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு வரும் பிள்ளைகள், கைப்பேசிக் காணொளிகளில் கேட்டுப் பழகி, புளித்த மோரிலிருந்து தம்பியின் காலுறை வரை எல்லாவற்றையும் 'டிஸ்கஸ்டிங்' என்கிறார்கள். அந்தச் சொல்லைப் பற்றி அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் கேட்டவற்றையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

'டிஸ்கஸ்டிங்' என்றால் சரியாக என்ன பொருள்?

அருவருப்பை உண்டாக்குகிற என்பது பொருள். பிடிக்காத என்பதைவிட இது மிகவும் கடுமையானது. பிடிக்காத ஒன்றை நாம் ஒதுக்கி வைத்துவிட்டு அதன் அருகிலேயே உட்கார்ந்திருக்க முடியும். ஆனால் அருவருப்பான ஒன்று நம்மைத் தொட்டுவிடக் கூடாது, வாய்க்குள் போய்விடக் கூடாது என்று உடம்பே பின்வாங்கும். மூக்கு சுருங்குவதும் மேலுதடு தூக்கிக்கொள்வதும் வயிறு புரட்டுவதும் சேர்ந்த உணர்வை எந்தப் பொருள் எழுப்புகிறதோ, அந்தப் பொருளுக்கு அடையாக வரும் சொல் இது. கழுவப்படாத பொதுக் கழிப்பறை, புழு வைத்த இறைச்சி, சாக்கடையில் மிதக்கும் எலி ஆகியவற்றைப் பற்றிச் சொல்லும்போது இந்தச் சொல் தன் முழு எடையோடு நிற்கும். கொஞ்சம் உப்புக் கூடிவிட்ட சாம்பாருக்கு அது பொருந்தாது.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

இலத்தீனில் 'குஸ்துஸ்' என்றால் சுவை. அதன் முன்னால் மறுப்பைக் குறிக்கும் 'டிஸ்' சேர்ந்து, பிரெஞ்சு மொழியின் வழியாக 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. ஆகவே இதன் பிறப்பு நாக்கில்தான்; சுவைக்க மறுப்பது என்பதே அடிப்படைக் கருத்து. மூக்குக்கும் கண்ணுக்கும், பின்னர் மனிதரின் நடத்தைக்கும் அது பரவியது பிற்பாடு நிகழ்ந்தது. நம்முடைய 'குமட்டல்' என்ற சொல்லும் வயிற்றில் தொடங்கி, "அவன் பேச்சைக் கேட்டாலே குமட்டுகிறது" என்று நடத்தைக்குத் தாவுவதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

"ஐ யம் டிஸ்கஸ்டிங்" என்று என் மகள் எழுதியதற்கு ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறார். என்ன தவறு?

உங்கள் மகள் சொல்ல நினைத்தது "எனக்கு அருவருப்பாக இருக்கிறது" என்பது. அவள் எழுதியது "நான் அருவருப்பானவள்" என்று பொருள்படும். பார்த்தவர் சிரித்திருப்பார்கள், ஆனால் இந்தத் தவறு அறிவுக்குறைவால் வருவதில்லை, தமிழை நன்றாக அறிந்த பிள்ளைக்குத்தான் இது வரும்.

தமிழில் உணர்வு எதுவும் பெரும்பாலும் 'எனக்கு' என்றுதான் தொடங்கும். எனக்குப் பசிக்கிறது, எனக்குக் குளிர்கிறது, எனக்குக் குமட்டுகிறது என்கிறோம். உணர்வு நம்மிடம் வந்து சேர்கிறது, நாம் அதை ஏற்றுக்கொள்கிறோம் என்பதுபோல் நம் வாக்கியம் அமைந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லாததால், பிள்ளை 'எனக்கு' என்பதை 'ஐ' ஆக்கி, 'அருவருப்பாக' என்பதற்கு அகராதியில் கண்ட 'டிஸ்கஸ்டிங்' என்பதைப் பக்கத்தில் வைத்துவிடுகிறது. உணர்வை எழுப்பும் பொருளுக்கு 'டிஸ்கஸ்டிங்', உணர்வை அனுபவிக்கும் ஆளுக்கு 'டிஸ்கஸ்டட்' என்பதே ஆங்கில முறை. கழிப்பறை டிஸ்கஸ்டிங், அதைப் பார்த்துவிட்டு வெளியே ஓடிவந்த நான் டிஸ்கஸ்டட்.

நான் இதை வகுப்பில் மலாய் மொழியைக் கொண்டே விளக்குகிறேன், ஏனென்றால் நம் பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரியும். "சாயா ஜிஜிக்" என்றால் நான் அருவருப்பு அடைகிறேன். "மெஞ்ஜிஜிக்கான்" என்றால் அருவருப்பை ஊட்டுவது. இரண்டையும் எந்த மாணவரும் மாற்றிச் சொல்வதில்லை. "மெஞ்ஜிஜிக்கான் வரும் இடத்தில் டிஸ்கஸ்டிங், ஜிஜிக் வரும் இடத்தில் டிஸ்கஸ்டட்" என்று ஒருமுறை சொன்னால் போதும், அடுத்த வாரம் அந்தத் தவறு காணாமல் போய்விடும். போரிங், போர்ட் என்ற இணையிலும், இன்ட்ரஸ்டிங், இன்ட்ரஸ்டட் என்ற இணையிலும் இதே விதிதான்.

டிஸ்கஸ்டிங், டிஸ்கஸிங் இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல, ஆனால் இந்தக் குழப்பத்தில் நம் எழுத்துக்கும் பங்கு இருக்கிறது. கலந்து பேசுவது டிஸ்கஸ், அருவருப்பு டிஸ்கஸ்ட். முதலாவதில் வரும் 'க' வல்லோசை, 'கல்' என்பதில் ஒலிப்பது. இரண்டாவதில் வரும் 'க' மெல்லோசை, 'தங்கம்' என்பதில் ஒலிப்பது. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால், நோட்டுப் புத்தகத்தில் தமிழில் உச்சரிப்பு எழுதி மனனம் செய்யும் பிள்ளைக்கு நடுவில் உள்ள 'ட்' ஒன்றுதான் வேறுபாடு காட்டுகிறது, அதுவும் வேகமாகப் பேசும்போது விழுங்கப்பட்டுவிடுகிறது. இரண்டு சொல்லிலும் அழுத்தம் இரண்டாவது அசையில் விழுவதால் காதுக்கும் உதவி கிடைப்பதில்லை.

என் சொந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத் தமிழ்ப்பள்ளியை முடித்து, நகரத்தில் ஒரு இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்த புதிதில், எனக்குப் பின்னால் இருந்த இரண்டு மாணவர்கள் என் பையைக் காட்டி இந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வீட்டில் ஒட்டுப்பால் (உறைந்துபோன இரப்பர்ப் பால்) மூட்டைக்குப் பக்கத்தில்தான் அந்தப் பை தொங்கும். நான் காதில் விழுந்ததை நினைவில் வைத்துக்கொண்டு, மாலையில் கையடக்க அகராதியைப் புரட்டினேன். 'டிஸ்கஸ்: கலந்துரையாடு' என்று இருந்தது. என்னோடு ஏதோ கலந்துரையாட விரும்புகிறார்கள் போலும் என்று மகிழ்ந்து, மறுநாள் நானாகவே அவர்களிடம் போய் நின்றேன். சரியான பக்கத்தைப் புரட்ட எனக்கு மேலும் ஒரு வாரம் ஆயிற்று.

"வெரி டிஸ்கஸ்டிங்" என்று எழுதலாமா?

இலக்கணப் பிழை என்று சொல்ல முடியாது. ஆனாலும் சொல்லே உச்சத்தில் இருப்பதால் 'வெரி' அதற்கு வலுச் சேர்ப்பதில்லை. 'அப்சலூட்லி' என்பதே பழகிய காதுக்கு இயல்பாக இருக்கும்.

தமிழில் இதற்கு நேரான சொல் எது? அருவருப்பா, அசிங்கமா, குமட்டலா?

எழுத்துத் தமிழில் 'அருவருப்பான', 'அருவருக்கத்தக்க' என்பவையே நேரானவை. 'குமட்டுகிற' என்பது வயிற்றோடு நின்றுவிடும். வாடைக்கும் உணவுக்கும் பொருந்தும், காட்சிக்கு அவ்வளவாகப் பொருந்தாது. 'அசிங்கம்' என்பதை நான் மாணவர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை, ஏனென்றால் நம் பேச்சில் அது அழகின்மைக்கும் அவமானத்துக்கும்கூட வந்துவிடுகிறது. "நாலு பேர் முன்னால் அசிங்கமாகப் போய்விட்டது" என்பதை டிஸ்கஸ்டிங் என்று மொழிபெயர்த்தால் பொருள் மாறிவிடும். 'அசூயை' என்ற சொல்லைச் சிலர் அருவருப்பு என்ற பொருளில் எழுதுகிறார்கள். வடமொழியில் அதற்குப் பொறாமை என்பதே பொருள் என்பதால், மயக்கத்துக்கு இடம் தரும் அந்தச் சொல்லையும் தவிர்ப்பது நல்லது.

ஒரு பழைய சொல்லையும் குறிப்பிட வேண்டும். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளுள் (உடம்பில் வெளிப்படும் உணர்வுகளுள்) ஒன்றாக 'இளிவரல்' என்பதை வைக்கிறது. அது பிறக்கும் நிலைக்களன்களாக அந்நூல் சொல்பவை மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்ற நான்கு. அழுகிய உணவோ மலமோ அந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உடல் தளர்வதையும் மனிதர் தாழ்வதையும் பற்றிய உணர்வாகவே இளிவரல் அங்கே அமைகிறது. ஆகவே இளிவரலையும் டிஸ்கஸ்ட் என்பதையும் ஒன்றின் மேல் ஒன்றை அப்படியே வைத்துவிட முடியாது. நாட்டியத்தின் ஒன்பது சுவைகளுள் வரும் 'பீபத்சம்' (அருவருப்புச் சுவை) ஆங்கிலச் சொல்லுக்கு இன்னும் நெருக்கமானது.

மலாய்ச் சொற்களில் 'கெலி' என்பதும் இதுவும் ஒன்றா?

பாதிதான் ஒன்று. பல்லியோ கம்பளிப்பூச்சியோ மேலே ஏறும்போது உடம்பு கூசுவது 'கெலி'. கிச்சுக்கிச்சு மூட்டினால் கூசுவதும் அதே சொல்தான். 'லோயா' என்பது வாந்தி வருவதுபோல் இருப்பது. 'பூசோக்' என்பது அழுகிய நாற்றத்தைச் சொல்வது. ஆங்கிலத்தில் இவை எல்லாவற்றுக்கும் டிஸ்கஸ்டிங் என்ற ஒன்றையே பயன்படுத்தும் மாணவர், மூன்று மொழி தெரிந்த தன் வாயை ஒரு சொல்லில் அடைத்துவிடுகிறார் என்பது என் எண்ணம்.

என் கணவரின் சம்பளச் சீட்டில் 'குரோஸ்' என்று இருக்கிறது. பிள்ளைகள் அதே சொல்லைச் சொல்லி முகம் சுளிக்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

சொல் ஒன்றே, பொருள் வேறு. பருமனான, தடித்த என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது 'குரோஸ்'. சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிதி) பிடிப்பதற்கு முன்னுள்ள மொத்தச் சம்பளத்தை அது குறிக்கிறது. கடைக்காரர்கள் 12 டசனை, அதாவது 144 எண்ணிக்கையை, ஒரு குரோஸ் என்பார்கள். நயமற்ற, முரட்டுத்தனமான என்ற பொருளும் அதற்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து, கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க மாணவர்களின் பேச்சில் அருவருப்பு என்ற பொருளை எடுத்துக்கொண்டது. டிஸ்கஸ்டிங் என்பதைவிட இலேசானது, விளையாட்டுத்தனமானது. தேர்வுக் கட்டுரையிலும் முறையான கடிதத்திலும் வேண்டாம், நண்பர்களிடையே சொல்லிக்கொள்ளலாம். 'யக்கி', 'இக்கி' என்பவை இன்னும் சின்னப் பிள்ளைகளின் சொற்கள். உங்கள் கணவரின் சம்பளத்தைப் பார்த்து முகம் சுளிக்க வேறு காரணங்கள் இருக்கலாம், ஆனால் அந்தத் தலைப்பு அதற்குப் பொறுப்பல்ல.

ஓர் உணவைப் பற்றி டிஸ்கஸ்டிங் என்று சொல்லலாமா?

கெட்டுப்போன உணவைப் பற்றிச் சொல்லலாம். இன்னொருவர் விரும்பி உண்ணும் உணவைப் பற்றிச் சொல்லக் கூடாது என்பதே என் பதில். இதற்குச் சற்று நீண்ட விளக்கம் தேவை.

நாம் வாழும் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'சிப்புட்' என்றால் மலாயில் நத்தை, சிப்பி வகைகளைக் குறிக்கும். தேங்காய்ப்பாலில் சமைத்த சிப்புட்டை ஓட்டிலிருந்து உறிஞ்சிச் சாப்பிடுவது மலாய்க்காரர் பலருக்கு விருந்து. மூலநோய்க்கு நல்லது என்று நத்தைக்கறி சமைத்த தமிழ் வீடுகளும் உண்டு. அதே நத்தை தோட்டத்துக் கீரைப்பாத்தியில் ஊர்வதைப் பார்த்தால் மட்டும் "உவ்வே" என்று ஒதுங்குகிறோம். பெலாச்சானை (புளிக்கவைத்த இறால் விழுது) சட்டியில் வறுக்கும்போது எழும் வாடை ஒருவருக்குப் பசியைக் கிளப்பும், இன்னொருவரைச் சன்னலைத் திறக்கச் செய்யும். கருவாட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

கடும் வாடை வீசும் டுரியான் பழத்தைப் பாருங்கள். சிங்கப்பூரின் எம்ஆர்டி இரயிலில் அதைக் கொண்டுபோக அனுமதி இல்லை; நம் நாட்டு விடுதிகள் பலவற்றின் வாசலிலும் டுரியான் படத்தின் மேல் சிவப்புக் கோடு இருக்கும். ஸ்வீடனின் மால்மோ நகரில் 2018-இல் அருவருப்பான உணவுகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். அதன் பெயரிலேயே டிஸ்கஸ்டிங் என்ற சொல் இருக்கிறது. நுழைவுச்சீட்டாக வாந்திப் பையைக் கொடுப்பார்கள். அங்கே ஸ்வீடன்காரர்களின் சொந்தப் புளித்த மீனோடு நம் டுரியானும் வைக்கப்பட்டது. பருவம் வந்துவிட்டால் சாலையோரத்தில் நின்று பழத்தைப் பிளந்து சாப்பிடும் நமக்கு, அந்தப் பட்டியலில் அதைக் காண்பது வியப்பாகத்தான் இருக்கும்.

இங்கேதான் ஆங்கிலச் சொல்லின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். "எனக்கு அது குமட்டுகிறது" என்று தமிழில் சொல்லும்போது, குமட்டல் என்னுடையது என்று நானே ஒப்புக்கொள்கிறேன். எதிரே இருப்பவருக்கு அது இனிக்கலாம் என்ற இடமும் அதில் இருக்கிறது. "இட் இஸ் டிஸ்கஸ்டிங்" என்னும்போது 'எனக்கு' மறைந்துவிடுகிறது. பழத்துக்கே அந்தக் குணம் இருப்பதாகத் தீர்ப்பு எழுதப்படுகிறது; அதைச் சாப்பிடுகிறவரும் அந்தத் தீர்ப்புக்குள் வந்துவிடுகிறார். வேற்றினத்து நண்பர் வீட்டில் ஒரு தட்டு முன்னால் வைக்கப்படும்போது "ஐ யம் நாட் யூஸ்ட் டு இட்" என்று சொல்லுங்கள். "எனக்குப் பழக்கமில்லை" என்ற நம் வாக்கியம்தான் அது. 'எனக்கு' திரும்ப வந்துவிட்டதைப் பாருங்கள்.

அருவருப்பு எல்லா மனிதருக்கும் பொதுவானதல்லவா? அப்படியானால் பொருளில்தானே அது இருக்க வேண்டும்?

உணர்வு பொதுவானது, அதை எழுப்பும் பொருள் பொதுவானதல்ல. மலம், சீழ், அழுகிய பிணம் போன்றவை ஏறத்தாழ எங்கும் அருவருப்பையே தருகின்றன. நோயிலிருந்து உடம்பைக் காக்கும் இயல்பாக அது நம்மில் வளர்ந்தது என்பது அறிவியலாளர் பலரின் கருத்து. அதற்கு அப்பால் பழக்கமே ஆட்சி செய்கிறது.

சார்லஸ் டார்வின் 1872-இல் வெளியிட்ட, உணர்ச்சிகளின் முகவெளிப்பாடு பற்றிய நூலில் தம் கப்பல் பயண நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறார். தென்னமெரிக்காவின் தென்கோடியில் உள்ள டியர்ரா டெல் ஃபியூகோவில், அவர் உண்டுகொண்டிருந்த குளிர்ந்த பதனிட்ட இறைச்சியை அந்த மண்ணின் மனிதர் ஒருவர் விரலால் தொட்டுப் பார்த்து, அதன் மென்மையைக் கண்டு அருவருத்தாராம். தம் உணவை அவர் தொட்டதற்காக டார்வினும் அருவருத்தாராம், அந்தக் கைகள் அழுக்காகத் தோன்றவில்லை என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். ஒரே இறைச்சித் துண்டு, இரண்டு பக்கமும் அருவருப்பு, இரண்டு வேறு காரணங்கள். யார் 'டிஸ்கஸ்டிங்'?

அமெரிக்க உளவியலாளர் பால் ரோசினும் உடன் பணியாற்றியவர்களும் 1986-இல் வெளியிட்ட ஆய்வையும் சொல்லலாம். கிருமி நீக்கிய செத்த கரப்பானைப் பழச்சாற்றில் ஒரு கணம் தோய்த்து எடுத்தார்கள். கிருமி இல்லை என்று தெரிந்தும் அந்தச் சாற்றைக் குடிக்க மக்கள் தயங்கினார்கள். தொட்டது ஒட்டிக்கொள்ளும் என்ற இந்த நினைப்புக்குக் காரணகாரியம் தேவைப்படுவதில்லை. நம் பாட்டிமார் காலத்தில் தனிக் குவளை வைத்த வழக்கமும் இதே நினைப்பைப் பற்றிக்கொண்டு நின்றதுதான் என்று வகுப்பில் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அப்படியானால் மனிதரைப் பற்றி இந்தச் சொல்லைப் பயன்படுத்தவே கூடாதா?

நடத்தையைப் பற்றிப் பயன்படுத்தலாம். முதியவரை ஏமாற்றிச் சேமிப்பைப் பறித்தவரின் செயல் டிஸ்கஸ்டிங்; நாயை அடித்துப் படம் எடுத்து வெளியிட்டவரின் செயலும் அப்படியே. இந்தப் பயன்பாடு ஆங்கிலத்தில் முழுவதும் இயல்பானது, கண்டனக் கடிதத்திலும் இடம்பெறும். ஆனால் ஒருவரின் உடம்பையோ உடையையோ தொழிலின் வாடையையோ இந்தச் சொல்லால் குறிப்பது வசைதான்.

என் பையிலிருந்து வந்த வாடையை அந்த மாணவர்கள் பொய்யாகச் சொல்லவில்லை. மங்கில் (மரத்தில் கட்டிய பால் கிண்ணத்தில்) வடிந்து உறைந்துபோன பாலில் உள்ள புரதத்தையும் சர்க்கரையையும் நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது, கெட்டுப்போன வெண்ணெயில் இருக்கும் அதே வகை அமிலங்கள் உண்டாகின்றன. ஒட்டுப்பாலின் நாற்றம் அதுதான். துணியில் ஏறினால் இரண்டு மூன்று துவைப்புக்கும் போகாது. விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், நிரை (தமக்குரிய மரவரிசை) முடித்து, காண்டாவில் (தோளில் வைக்கும் காவுதடியில்) பால் சுமந்து வந்த அம்மாவின் மேல் அந்த வாடைதான் இருக்கும். அந்த வாடையில்தான் நான் தூங்கியிருக்கிறேன். எனக்கு அது இன்றைக்கும் குமட்டுவதில்லை. ஆகவே அந்த மாணவர்கள் "ஸ்ட்ராங் ஸ்மெல்" என்று சொல்லியிருந்தால் அது தகவல். அவர்கள் தேர்ந்தெடுத்த சொல் தீர்ப்பு.

'நாஷியஸ்', 'ரிவோல்ட்டிங்' ஆகியவற்றையும் இதற்குப் பதிலாக எழுதலாமா?

'ரிவோல்ட்டிங்' ஏறக்குறைய அதே வலிமை உடையது, எழுதலாம். 'நாஷியஸ்' என்பதில் கவனம் வேண்டும். கப்பலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது (நம் 'நாவாய்' நினைவுக்கு வரும்). கடற்பயணத்தில் வரும் வாந்தியுணர்வே அதன் தொடக்கம். குமட்டலைத் தருவது என்ற பொருளே பழையது என்றாலும், இன்று பெரும்பாலோர் "ஐ யம் நாஷியஸ்" என்று குமட்டலை உணரும் தங்களையே குறிக்கிறார்கள். மேலே சொன்ன டிஸ்கஸ்டட் விதியை மனனம் செய்த மாணவர் இங்கே குழம்புவது இயற்கை. பொருளுக்கு 'நாஷியேட்டிங்' என்று எழுதிவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) கட்டுரையில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினால் மதிப்பெண் குறையுமா?

சொல்லுக்காகக் குறையாது, ஆனால் அது தனியாக நின்றால் அதிகமும் கிடைக்காது. ஓர் உணவுக்கடையைப் பற்றி விமர்சனம் எழுதிய மாணவர் ஒருவர் ஒரே பத்தியில் நான்கு முறை டிஸ்கஸ்டிங் என்று எழுதியிருந்தார்; படித்து முடித்த எனக்கு அந்தக் கடையில் என்ன நடந்தது என்றே தெரியவில்லை. கேட்டபோது, "சார், மேசை துடைக்கிற துணியாலேயே கரண்டியையும் துடைச்சாங்க, கறிக்குழம்பு மேலே இலேசா தோல் படிஞ்சிருந்துச்சு" என்றார். அதையே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். எழுதிய பிறகு அந்த நான்கு சொற்களில் மூன்றை அவரே அடித்துவிட்டார். நான்காவதைக் கரண்டிக்கு அருகில் வைத்துக்கொண்டார், அங்கே அது பொருத்தமாகத்தான் இருந்தது.

"டிஸ்கஸ்டிங்லி ரிச்" என்று ஒருவரைச் சொல்கிறார்களே, அதுவும் வசையா?

அளவுக்கு மீறிய பணக்காரர் என்பதைக் கேலியும் கொஞ்சம் பொறாமையும் கலந்து சொல்வது அது. இங்கே அருவருப்பு பெயரளவுக்குத்தான் இருக்கிறது. 'அசூயை' என்ற சொல்லை அதன் பழைய பொருளில் பயன்படுத்த விரும்புகிறவர்களுக்கு இதுதான் சரியான இடம்.